பௌலி கண்ட விதி

காலஞ்சென்ற பெரியார்களின் பெயரை நகரங்களுக்கும் வீதிகளுக்கும் இடுவது உலக வழக்கம். வுல்ப்காங் பௌலி என்ற பௌதிக விஞ்ஞானிக்குக் கிடைத்திருக்கும் ஞாபகச் சின்னங்களுள் ஒன்று வேறு விதமானது. அவர் 1958-ஆம் வருஷத்தில் மறைந்தார். 62 வருஷங்களுக்குப் பின், 2020-ல், பெர்லின் சுதந்திர சர்வகலாசாலையைச் சேர்ந்த யான் ஹெர்மன், பிராங்க் நோயே முதலியோர் ஒரு புதிய கணக்கு முறையை வெளியிட்டு, அதற்குப் பௌலி நெட், அதாவது பௌலியின் வலை, என்று பெயரிட்டார்கள். கணிப்பொறியில் அமைக்கப்படும் செயற்கை நரம்பு வலையைக் கொண்டு, அணுக்களிலும் மூலக்கூறுகளிலும் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று எவ்விதம் பாதிக்கின்றன என்று கணக்கிடுவதே அதன் வேலை. அதே வருஷத்தில் லண்டனில் டீப்மைண்ட் ஸ்தாபனத்தாரும் இம்பீரியல் காலேஜ் அறிஞர்களும் இதே நோக்கத்துடன் அமைத்த மற்றொரு வலைக்கு இத்தாலிய மேதை பெர்மியின் பெயர் சூட்டப்பட்டது.

தாமே கற்றுக்கொள்ளும் யந்திரங்களைப் பற்றித்தான் இன்று எங்கும் பேச்சு. அவற்றுக்கு ஆசான் வேண்டாம், நூல் வேண்டாம், விதி வேண்டாம் என்று நம்புகிறவர்கள் பலர். ஆனால் மேற்கூறிய இரண்டு வலைகளும் எலெக்ட்ரான்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் ஊகிக்கலாம். ஒரே ஒரு விதியை மட்டும் மீற முடியாதபடி அவை கட்டப்பட்டிருக்கின்றன. அந்த விதியை 1925-ல் கண்டவர் 24 வயது வாலிபராயிருந்த பௌலி. அவருடைய சரித்திரம் நமது வாசகர்கள் அறியத்தக்கது. அதில் மேதையின் வெற்றியும் இருக்கிறது. மேதையின் வாக்கை வேதமாகக் கொள்வதால் விளையும் தீங்கும் இருக்கிறது.

பௌலி 1900-ஆம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி வியன்னா நகரில் பிறந்தார். தந்தை பிராகு நகரத்து யூதக் குடும்பத்தில் தோன்றி, வைத்தியம் கற்று, வியன்னாவில் ரசாயனப் பேராசிரியரானவர். தாய் பெர்தா எழுத்தாளர். குழந்தைக்கு ஞானத் தந்தையாக நின்றவர், புலனறிவுக்கு எட்டாத எதையும் விஞ்ஞானத்தில் ஏற்க மறுத்த எர்ன்ஸ்ட் மாக் என்ற தத்துவ அறிஞர். பிற்காலத்தில் பௌலியிடம் விளங்கிய தயவு தாட்சண்யமற்ற பரிசோதனைப் புத்தி தொட்டிலிலேயே தொடங்கிற்று என்று சொல்லலாம்.

1918-ல் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு மூனிச் நகரத்தில் ஸாமர்பெல்ட் என்ற பேராசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார். கணித சாஸ்திரக் கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கையை விளக்கிக் கட்டுரை எழுதும் பொறுப்பு ஸாமர்பெல்டிடம் வந்திருந்தது. அதை அவர் தமது மாணவரிடமே ஒப்படைத்தார். 1921-ல் வெளியான அக்கட்டுரை 237 பக்கங்கள் கொண்ட கிரந்தம். எழுதியவருக்கு வயது 21. அதைப் படித்த ஐன்ஸ்டீனே வியந்து பாராட்டினார்.

அதே வருஷத்தில் பௌலி டாக்டர் பட்டம் பெற்றார். அதற்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள், இரண்டு ஹைட்ரஜன் கருக்களும் ஒரே ஓர் எலெக்ட்ரானும் சேர்ந்த எளிய மூலக்கூறு. அன்றைய குவாண்டம் கொள்கை அதற்குச் சரியான விடை தரவில்லை. ஓர் எலெக்ட்ரான் உள்ள மூலக்கூறிலேயே அது தடுமாறியது. இரண்டு எலெக்ட்ரான்கள் உள்ள ஹீலியம் அணுவில் அடியோடு தோற்றது. எலெக்ட்ரான்கள் யாவும் எதிர்மின்னேற்றம் உடையவை. ஒன்றையொன்று விலக்கித் தள்ளுபவை. ஒன்று அசைந்தால் மற்றவையெல்லாம் அதற்கேற்ப அசைய வேண்டும். இந்தப் பரஸ்பர பாதிப்பே பௌதிகத்திலும் ரசாயனத்திலும் பெரிய சிக்கல்.

1922 ஜூன் மாதத்தில் டென்மார்க் தேசத்து அறிஞர் நீல்ஸ் போர் கெட்டிங்கன் நகருக்கு வந்து, அணுவின் அமைப்பைப் பற்றித் தொடர்ந்து பிரசங்கங்கள் செய்தார். அங்கே அவரைச் சந்தித்த பௌலி, அவர் அழைப்பின் பேரில் கோபன்ஹேகன் சென்றார். இரண்டு கேள்விகள் அவரை வாட்டின. காந்த மண்டலத்தில் வைத்த அணுவின் ஒளிக்கோடுகள், கணக்குக்கு அடங்காத வகையில் பிரிவது ஏன்? அணுவிலுள்ள எலெக்ட்ரான்கள் எல்லாம் சக்தி மிகக் குறைந்த உட்சுற்றிலேயே போய்க் குவிந்துவிடாமல், 2, 8, 18, 32 என்ற தொகைகளில் அடுக்கடுக்காக நிற்பது ஏன்?

1923-ல் ஹாம்பர்க் சர்வகலாசாலைக்குச் சென்ற பௌலி, இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை கண்டார். எலெக்ட்ரானின் நிலையைக் குறிக்க அதுவரை வழங்கிய மூன்று எண்கள் போதா; இரண்டே மதிப்புகள் கொள்ளக்கூடிய நான்காவது எண் ஒன்றும் உண்டு. இந்த நான்கு எண்களும் ஒன்றாயிருக்கும் இரண்டு எலெக்ட்ரான்கள் ஓர் அணுவில் இருக்க முடியாது. 1925-ல் வெளியான இந்த விதிக்கே விலக்க விதி என்று பெயர். பந்தியில் ஓர் இலைக்கு ஒருவர்தான். முதல் வரிசை நிறைந்துவிட்டால், அடுத்து வருகிறவர் அடுத்த வரிசைக்குத்தான் போகவேண்டும். லிதியம் அணுவின் மூன்று எலெக்ட்ரான்களில் இரண்டு உட்சுற்றில் அமர, மூன்றாவது வெளியே நிற்க நேர்வது இதனால்தான். வெளியே நிற்கும் அந்த ஒன்றே லிதியத்தின் ரசாயன குணத்தை நிர்ணயிக்கிறது. மூலகங்களின் அட்டவணை முழுவதும் இவ்வாறு ஒரே விதியிலிருந்து விளங்கிற்று.

கீர்த்தி தரும் இந்த வெற்றியின் அருகிலேயே ஒரு பிழையும் நேர்ந்தது. 1925 ஜனவரியில் ரால்ப் குரோனிக் என்ற இளைஞர், அந்த நான்காவது எண்ணுக்குப் பொருள் கண்டதாகக் கருதிப் பௌலியிடம் வந்தார். எலெக்ட்ரான் தன் அச்சில் பம்பரம்போல் சுழல்கிறது என்று கொண்டால் எல்லாம் விளங்கும் என்பது அவர் எண்ணம். பௌலி அதை ஏற்கவில்லை. சாமர்த்தியமான எண்ணந்தான், ஆனால் இயற்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற பொருள்படப் பேசி ஒதுக்கிவிட்டார். மனம் தளர்ந்த குரோனிக் அதை வெளியிடாமல் விட்டார். சில மாதங்களுக்குள், அவ்வருஷ இறுதியில், ஹாலந்து தேசத்து வாலிபர்களான ஊலென்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் அதே எண்ணத்தை வெளியிட்டார்கள். எலெக்ட்ரானின் சுழற்சி, அதாவது ஸ்பின், அவர்கள் கண்டுபிடிப்பாக உலகப் பிரசித்தி பெற்றது.

பௌலியின் ஆட்சேபணைகள் அர்த்தமற்றவை அல்ல. கணக்கில் இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தது. 1926-ல் தாமஸ் என்பவர் அதற்குச் சமாதானம் கண்ட பிறகே பௌலி இணங்கினார். ஆயினும் வெளிவந்திருக்க வேண்டிய ஓர் உண்மை ஒரு பெரிய மனிதரின் வாய்ச்சொல்லால் அமுங்கிப் போயிற்று என்பது மாறாது. பௌலி தமது கட்சியை விட்டபோது முழு மனத்தோடு விட்டார். 1927-ல் எலெக்ட்ரானின் ஸ்பினைக் கணித ரூபத்தில் எழுதியவர் அவரே. பௌலி அணிகள் என்று அக்கணிதம் இன்றும் மாணவர்களால் கற்கப்படுகிறது. 1928-ல் ஜூரிச் நகரத்து ஸ்விஸ் தொழில் நுணுக்கச் சர்வகலாசாலையில் பேராசிரியராக அமர்ந்தபோது, அவர் உதவியாளராகச் சேர்ந்தவர் அதே குரோனிக்.

இதற்கிடையில் குவாண்டம் பௌதிகம் புது உருவம் எடுத்திருந்தது. 1925-ல் ஹைஸன்பர்க் வகுத்த முறையைக் கொண்டு ஹைட்ரஜன் அணுவின் கணக்கைப் பௌலி செய்து முடித்தார். ஓர் எலெக்ட்ரான் உள்ள அணுவுக்கு விடை வந்துவிட்டது. இரண்டு எலெக்ட்ரான்கள் ஆனாலோ, சமன்பாட்டை எழுதலாம். அதற்கு முழுமையான விடையை எளிய சூத்திரமாக எழுத இன்றுவரை இயலவில்லை.

காரணம் எளிது. எலெக்ட்ரான்கள் எங்கெங்கே இருக்கக்கூடும் என்பதை அலைச் சார்பு என்ற கணித உருவம் சொல்லுகிறது. ஒவ்வொரு திசைக்கும் பத்துப் புள்ளிகள் என்று கொண்டாலும், ஓர் எலெக்ட்ரானுக்கு 1,000 இடங்கள். கரி அணுவில் ஆறு எலெக்ட்ரான்கள். அவற்றின் இடங்களைச் சேர்த்துக் குறிக்க, 1-க்குப் பின் 18 பூஜ்யங்கள் இட்ட அத்தனை எண்கள் வேண்டும். பத்து எலெக்ட்ரான்கள் உள்ள நியான் அணுவுக்கு 30 பூஜ்யங்கள். உலகிலுள்ள கணிப்பொறிகள் யாவும் சேர்ந்தாலும் அந்தப் பட்டியலை எழுதி வைக்க முடியாது.

பௌலியின் விதிக்கு 1926-ல் ஹைஸன்பர்க்கும் டிராக்கும் புதிய வடிவம் கொடுத்தார்கள். இரண்டு எலெக்ட்ரான்களை இடம் மாற்றினால் அலைச் சார்பின் குறி மாறவேண்டும்: கூட்டல் குறி கழித்தலாகவும், கழித்தல் கூட்டலாகவும் ஆகவேண்டும். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால், இடம் மாற்றியும் மாறுதல் ஒன்றுமில்லை. குறியோ மாறியாக வேண்டும். குறி மாறியும் தன் மதிப்பு மாறாத எண் பூஜ்யம் ஒன்றே. ஆகவே அத்தகைய நிலை இருக்க முடியாது. இவ்வளவுதான் விதி. 1929-ல் ஸ்லேட்டர் என்ற அமெரிக்கர், இதைத் தாமாகவே நிறைவேற்றும் அணிக்கோவை என்னும் கணித அமைப்பைக் கொண்டு அலைச் சார்பை எழுதும் வழியைக் காட்டினார்.

இவ்விதியின் ஆட்சி அணுவோடு நிற்கவில்லை. உலோகங்களின் காந்த குணத்தைப் பௌலியே 1927-ல் இதைக் கொண்டு விளக்கினார். எரிந்து ஓய்ந்த நட்சத்திரங்கள் தம் பாரத்தாலேயே நொறுங்கிவிடாமல் நிற்பதும் இதனால்தான். அந்தத் தாங்கும் சக்திக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர், 1930-ல் இங்கிலாந்து செல்லும் கப்பலில், 19-ஆம் வயதில் கணக்கிட்டார். இந்திய அணு ஆராய்ச்சிக்கு அடிகோலிய ஹோமி பாபா, வாலிப வயதில் ஜூரிச்சில் பௌலியிடம் ஆராய்ச்சி செய்தவர்.

பௌலியின் நாவுக்கு அஞ்சாத விஞ்ஞானி அக்காலத்தில் இல்லை. தவறான கொள்கையை யார் கூறினாலும், நண்பரானாலும் ஆசானானாலும், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவர் ஒப்புதல் பெறாத கட்டுரையை வெளியிடப் பலர் தயங்கினார்கள். பௌதிகத்தின் மனச்சாட்சி என்றே அவரை அழைத்தார்கள். அவர் பரிசோதனைச் சாலைக்குள் நுழைந்தால் கருவிகள் உடைந்துபோகும் என்று நண்பர்கள் கேலி செய்வதும் உண்டு.

சொந்த வாழ்வில் அவருக்குத் துயரம் குறைவில்லை. 1927-ல் தாய் தற்கொலை செய்துகொண்டார். 1929-ல் நடந்த முதல் விவாகம் ஒரு வருஷத்துக்குள் முறிந்தது. மனம் உடைந்த நிலையில் மனோதத்துவ அறிஞர் யுங்கின் உதவியை நாடினார். அத்தகைய நாட்களில்தான், 1930 டிசம்பரில், கதிரியக்கத்தில் சக்தி காணாமற் போவதுபோல் தோன்றியதற்குச் சமாதானமாக, கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாத புதிய துகள் ஒன்று இருக்கவேண்டும் என்று ஒரு கடிதத்தில் எழுதினார். அதற்குப் பின்னர் நியூட்ரினோ என்று பெயர் வந்தது. 1956-ல் ரெய்ன்ஸ், கோவன் என்ற அமெரிக்கர்கள் அதைப் பரிசோதனையில் கண்டு அவருக்குத் தந்தி கொடுத்தார்கள். 1934-ல் பிராங்கா பெர்ட்ராம் என்ற மாதை மணந்தபின் அவர் வாழ்க்கை அமைதி கண்டது.

அந்த அமைதியையும் அரசியல் குலைத்தது. 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது, பௌலி தம் விருப்பமின்றியே ஜெர்மன் பிரஜையாகிவிட்டார். யூத வம்சத்தில் வந்தவருக்கு அது ஆபத்தான உரிமை. பத்து வருஷமாகத் தாம் உழைத்துவந்த ஸ்விட்சர்லாந்தில் குடியுரிமை கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1940-ல் அமெரிக்காவுக்குச் சென்று பிரின்ஸ்டன் உயர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் தங்கினார். பௌதிக அறிஞர்களில் பலர் அணுகுண்டு வேலையில் முனைந்திருந்த அவ்வருஷங்களில் பௌலி அதில் ஈடுபடவில்லை. 1945-ல் விலக்க விதிக்காக நோபல் பரிசு வந்தது. 1946-ல் ஜூரிச்சுக்குத் திரும்பினார். முன்பு மறுத்த ஸ்விஸ் குடியுரிமை 1949-ல் கிடைத்தது.

1946 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நிகழ்த்திய நோபல் பிரசங்கத்தில் அவர் கூறியது நம் கவனத்துக்குரியது. எந்த விதிக்காகப் பரிசு பெற்றாரோ, அந்த விதியை அதனினும் பொதுவான அடிப்படைகளிலிருந்து தருக்க ரீதியாக வருவிக்கத் தம்மால் இயலவில்லை என்று ஒப்புக்கொண்டார். அது தமது குறையோ, கொள்கையின் குறையோ என்ற சங்கடம் அவருக்கு இருந்துகொண்டேயிருந்தது. 1940-ல் ஸ்பினுக்கும் இந்த விதிக்கும் உள்ள சம்பந்தத்தை நிரூபித்த பிறகும் அவர் திருப்தியடையவில்லை. பிறரைக் கேள்வி கேட்டவர் தம்மையும் விடவில்லை. இயற்கை இடதையும் வலதையும் ஒன்றுபோலவே பாவிக்கும் என்று உறுதியாக நம்பியிருந்தார். 1957-ல் வூ அம்மையாரின் பரிசோதனை அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியபோது, தோல்வியை ஒப்புக்கொண்டார். 1958-ல் ஹைஸன்பர்க்குடன் சேர்ந்து தொடங்கிய கொள்கையில் குறை கண்டதும், பழைய நட்பையும் பாராமல் விலகிப் பகிரங்கமாகக் கண்டித்தார்.

அவ்வருஷம் டிசம்பர் 15-ந் தேதி ஜூரிச் மருத்துவமனையில் புற்றுநோயால் காலமானார். அவர் கிடந்த அறையின் எண் 137. ஒளிக்கும் எலெக்ட்ரானுக்கும் உள்ள பந்தத்தை அளக்கும் எண் ஏறக்குறைய 137-ல் ஒரு பங்கு. அது ஏன் அவ்வாறு இருக்கிறது என்று அவர் ஆயுள் முழுவதும் சிந்தித்தவர். விடை காணாமலேயே போனார்.

இனி, அவர் பெயர் தாங்கிய வலைக்கு வருவோம். செயற்கை நரம்பு வலை என்பது எண்களை வாங்கி, தனக்குள் பல அடுக்குகளில் கூட்டியும் பெருக்கியும் மாற்றியும் மற்றோர் எண்ணைத் தரும் கணித அமைப்பு. அதன் உள்ளே இருக்கும் எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்தி நாம் வேண்டும் விடைக்குப் பழக்கலாம். எழுத முடியாத அந்தப் பெரிய பட்டியலை இத்தகைய வலை ஒன்று சுருக்கி அடக்கக்கூடும் என்பதை, காந்த ஸ்பின்கள் விஷயத்தில் 2017-ல் கார்லியோ, டிராயர் என்ற இருவர் காட்டினார்கள். எலெக்ட்ரான்களுக்கு 2020-ல் அவ்வழி பலித்தது. எலெக்ட்ரான்களின் இடங்களைக் கொடுத்தால், வலை அலைச் சார்பின் மதிப்பைச் சொல்லும்.

இதைப் பழக்க விடைப் புத்தகம் வேண்டியதில்லை. எந்த அலைச் சார்பை ஊகித்தாலும், அதற்குரிய சராசரி சக்தி உண்மையான மிகக் குறைந்த சக்திக்குக் கீழே போகாது என்பது குவாண்டம் பௌதிகத்தின் பழைய நியதி. ஆகவே சக்தியைக் குறைக்கக் குறைக்க, உண்மையை நெருங்குகிறோம். டெண்டர் கேட்பது போன்றதே இது: யார் குறைந்த தொகை எழுதுகிறாரோ அவருக்கே வேலை. ஆனால் நிபந்தனைகளை மீறி, சிமெண்டுக்குப் பதில் மணலைப் போட்டுக் கட்டுகிறவர் எல்லோரினும் குறைந்த தொகை எழுதிவிடலாம். கட்டடம் நிற்காது. பௌலியின் விதியை வலையில் பதிக்காமல் விட்டால் நடப்பது இதுதான். லிதியத்தின் மூன்று எலெக்ட்ரான்களையும் உட்சுற்றிலேயே அடைத்துவிட்டு, உண்மையினும் குறைந்த சக்தியைக் காட்டும். எண் மிக நன்றாயிருக்கும். அப்படி ஒரு லிதியம் உலகில் இராது.

எனவே வலையின் முடிவில் அணிக்கோவையை வைத்துக் கட்டுகிறார்கள். ஸ்லேட்டர் முறையில் ஒவ்வோர் எலெக்ட்ரானுக்கும் உரிய சார்பு அதன் இடத்தை மட்டும் பார்த்தது; வலையிலோ, ஒவ்வொன்றும் மற்றெல்லா எலெக்ட்ரான்களின் இடங்களையும் பார்த்து வளைந்து கொடுக்கிறது. பரஸ்பர பாதிப்பு இவ்வாறு உள்ளே வருகிறது. குறி மாறும் விதியும் கெடுவதில்லை. பௌலி நெட் 28 எலெக்ட்ரான்கள் கொண்ட சைக்ளோபியூட்டடையீன் மூலக்கூறையும், பெர்மியின் வலை 30 எலெக்ட்ரான்கள் கொண்ட பைசைக்ளோபியூட்டேனையும் கணக்கிட்டன. சிறிய அணுக்களில் அவற்றின் விடைகள் மிகச் சிறந்த பழைய முறைகளுக்கு ஈடாக நின்றன. ஆயினும் எலெக்ட்ரான்கள் பெருகப் பெருக, கணிப்பின் உழைப்பும் விரைந்து பெருகுகிறது. ஹீலியத்தில் தோற்றவர்கள் இங்கே வந்து சேர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. வழி இன்னும் முடியவில்லை.

பௌலியின் சரித்திரத்தில் நாம் காண்பது இது: அவர் கண்ட விதி நிலைத்தது, அவர் வாயால் சொன்னதற்காக அல்ல, அணுவும் உலோகமும் நட்சத்திரமும் அதற்குச் சாட்சி சொன்னதற்காக. குரோனிக்கிடம் அவர் சொன்னதும் அதே வாய்தான் சொல்லிற்று. சாட்சி இல்லாததால் அது ஒரு வருஷங்கூட நிற்கவில்லை. அந்த இளைஞர் பெரியவரின் தீர்ப்புக்கு அஞ்சாமல் தம் எண்ணத்தை அச்சேற்றியிருந்தால், அவர் பெயர் இன்று வேறாக ஒலிக்கும். மீறக்கூடாத விதியையும், மீறத்தக்க அதிகாரத்தையும் பிரித்தறிவதே அறிவுடைமை. யந்திரத்துக்கு அந்தப் பகுத்தறிவு இல்லை. குறைந்த எண்ணைக் கண்டால் அது மகிழ்ந்துவிடும். விதியை அதில் பதிப்பது மனிதரின் பொறுப்பு. பௌலியின் பெயரை அந்த வலைக்கு வைத்தவர்கள் பொருத்தமாகவே வைத்தார்கள்.